ஈக்குத் தெரியாத வேலி

ஹில்மர் ராபேயின் கேட்டில் பூட்டு தொங்கியது திருடனுக்குப் பயந்து அல்ல. வாஷிங்டன் அரசாங்க ஆள் எவனும் உள்ளே வரக்கூடாது என்பதற்காக. அவர் சின்னப் பையனாக இருந்தபோது, உண்ணி ஒழிக்கிறோம் என்று வந்த அதிகாரிகள் அப்பாவின் மாடுகளைக் கட்டாயமாக மருந்துத் தொட்டியில் இறக்கினார்கள். சினைப்பசு ஒன்று கால் முறிந்து செத்தது. உண்ணி ஒழிந்தது என்னவோ உண்மை. அதை ஹில்மர் மறுத்ததில்லை. "ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செஞ்சிருக்கலாம்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

டெக்ஸாஸின் அந்த மலைப்பக்கத்தில் கோடை என்றால் புழுக்காலம். ஒருவகை ஈ காயத்தில் முட்டையிடும். பொரிக்கும் புழு உயிருள்ள சதையைத் தின்னும். பிறந்த கன்றின் தொப்புள் ஈரமே அதற்குப் போதும். ஹில்மர் சேணத்தில் மருந்துப் புட்டியோடு தினமும் குதிரையேறி, புதர் புதராகத் தேடி, கன்றுகளுக்குத் தடவிவிடுவார். தன் மாட்டைத் தானே பார்த்துக்கொள்பவனுக்கு அரசாங்கம் எதற்கு என்பது அவர் கட்சி.

1962-இல் விமானத்திலிருந்து அட்டைப்பெட்டிகள் விழுந்தன. உள்ளே ஆலையில் வளர்த்து மலடாக்கிய ஈக்கள். அவற்றோடு சேர்ந்த காட்டு ஈயின் முட்டை பொரிக்காதாம். தன் நிலத்தில் விழுந்ததை எல்லாம் ஹில்மர் பொறுக்கிக் கொளுத்தினார்.

"ஈயால சாகுற ஊர்ல ஈயைக் கொண்டாந்து கொட்டுறானுங்க."

பக்கத்து நிலத்துக் கர்டிஸ் வேலிக்கு அப்பால் நின்று பார்த்தான். "சும்மா கொளுத்துனா எப்படிடா? ஒவ்வொண்ணுக்கும் சவப்பெட்டி செஞ்சு பாதிரியையும் கூப்பிடு."

ஆகஸ்டில் ஹில்மர் தன் கையால் மருந்து தடவிய கன்றிலேயே புழு வைத்தது. பிறகு இன்னொன்றில். வட்டாரத்தில் மற்ற எல்லாருடைய மாடும் சுத்தம்.

"உன் வேலி மாட்டுக்குத்தான் தெரியும், ஹில்மர். ஈக்குத் தெரியாது" என்றாள் மனைவி லியோனா. அவர் காபியைக் குடித்துவிட்டு எழுந்து போனார்.

இரண்டு நாள் கழித்துக் கர்டிஸ் வந்தான். இந்த முறை சிரிப்பு இல்லை.

"வேலியோரம் என் கன்னு ஒண்ணுல புழு. உங்கிட்டேருந்துதான் வந்திருக்கு."

ஹில்மர் வேலிப் பக்கம் பார்த்தார். ஒருமுறை அவருடைய காளை இதே வேலியை உடைத்தபோது, யாரும் சொல்லாமலே கம்பி வாங்கிக் கட்டிக்கொடுத்தவர் அவர்.

"சரி. அந்த அதிகாரிங்களை வரச்சொல்லு."

சோதனைக்குப் புழு வாங்க வந்த இளம் அதிகாரி கேட்டருகே நின்றார். பூட்டு பூட்டியபடியே இருந்தது. ஹில்மர் புழுவைப் போட்ட குப்பியைக் கம்பிக்கு மேலாக நீட்டினார்.

"கன்னையும் பாக்கணுமே, ஐயா."

"தெரியும். அதான் இங்கயே ஓட்டிட்டு வந்திருக்கேன். அங்கேருந்தே பாருங்க."

அந்த வாரம் மறுபடி பெட்டிகள் விழுந்தன. திறக்காமல் கிடந்த ஒன்றை ஹில்மர் கத்தியால் கீறிவிட்டு, ஈக்கள் கிளம்பும்வரை குதிரைமேல் உட்கார்ந்திருந்தார்.

அடுத்த கோடையிலும் அவர் மருந்துப் புட்டியோடுதான் போனார். மாலையில் அது நிறைந்தபடியே திரும்பியது. கேட்டில் பூட்டு மட்டும் புதிதாக மாட்டியிருந்தார்; பழையது துருப்பிடித்திருந்தது.