இடது முழங்கைச் சிவப்பு

பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால், "டீ குடிச்சாச்சு இல்ல, கெளம்பு" என்று எழுப்பி அனுப்புகிற ஆள் நான். எங்கள் கள்ளிக்குப்பம் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். ஒருமுறை முருங்கை மரத்தில் வெள்ளையாக ஏதோ உட்கார்ந்திருக்கிறது என்று தெருவே கதவைச் சாத்திக்கொண்டபோது, தொரட்டியை எடுத்துப் போய் இழுத்துப் போட்டவள் நான்தான். விழுந்தது கிழிந்த காற்றாடி. இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் பாதிக் கதையில் நீங்கள் உதட்டோரமாகச் சிரிப்பீர்கள், எனக்குக் கோபம் வரும், கோபம் வந்தால் நான் எதையும் ஒழுங்காகச் சொல்ல மாட்டேன்.

எண்பதுகளின் நடுவில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் எனக்கு வேலை. பட்டாளத்துக்குப் போகிற ஸ்வெட்டர்களில் குறை இருந்தால் சரிசெய்வது. மெட்ராஸ் வெயிலில், மேலே தகர ஷீட், மடியில் கம்பளி ஸ்வெட்டர், கேட்க வேண்டுமா? கழுத்திலிருந்து இடுப்பு வரை வேர்க்குரு. கண்ணி விட்டுப்போன இடத்திலும் ஓட்டை விழுந்த இடத்திலும் ஊசியால் இழை ஓட்டி அடைக்க வேண்டும். ஆறு பெண்கள் இருந்தோம். யார் ஓட்டியது என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவேன். சாந்தா இழுத்துப் பிடிப்பாள், துணி சுருங்கும். மேரி கடைசியில் நூலை வால் மாதிரி நீட்டி விடுவாள். நான் எப்போதும் வலப்பக்கம் கீழ் மூலையில் ஆரம்பிப்பேன், திரும்பும் இடத்தில் கடுகளவு தளர்வு விடுவேன். கையெழுத்து மாதிரிதான், ஆளுக்கு ஆள் மாறும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இன்னொன்று. பின்னின உல்லனைப் பிரித்துப் பாருங்கள், நூல் நேராக வராது. எத்தனை வருஷம் எந்த வளைவில் இருந்ததோ அதே நெளியோடு வரும். ஆவியில் காட்டி, ஈரத்தோடு கனம் கட்டித் தொங்கவிட்டால்தான் நேராகும். அப்போதும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். "உல்லனுக்கு ஞாபகசக்தி ஜாஸ்தி" என்று பட்டறையில் சொல்லிச் சிரிப்போம்.

கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து எனக்குக் கரு நின்றது. அதற்குள் இரண்டு முறை கலைந்திருந்தது, ஊர் வாய் என்ன பேசியிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. என் வீட்டுக்காரர் தாமோதரன், பூந்தமல்லியில் லேத் பட்டறையில் வேலை. அவருடைய அக்கா கன்னியம்மா, நசரத்பேட்டையிலிருந்து என்னைப் பார்த்துக்கொள்ள வந்து தங்கினார். நல்ல மனுஷி, வாய்தான் வெங்கலக் கடை. வந்த அன்றே சட்டம் போட்டுவிட்டார்.

"தோ பாருமே பவானி, புள்ள பொறக்கறதுக்கு மின்னாடி புதுசா ஒரு கர்சீப்பு கூட ஊட்டுக்குள்ள வரக் கூடாது. சொல்லிட்டேன்."

எங்கள் பக்கத்து வழக்கம் அது. பிறந்த குழந்தைக்கு முதலில் பழைய துணிதான், யாராவது உடுத்தி வாழ்ந்த துணி. புதுசு வாங்கி வைத்தால் கண் பட்டுவிடும். எனக்கா கை அரிக்கிறது. ஊரான் பிள்ளைகளுக்கெல்லாம் ஸ்வெட்டர் அடைத்துக் கொடுக்கிறேன், என் பிள்ளைக்கு ஒன்று பின்னக் கூடாதா? யோசித்தேன். பழசுதானே வேண்டும், பழசையே பிரித்துப் பின்னினால் அக்கா என்ன சொல்வார்?

ஆவடியில் அப்போது ரோட்டோரம் சாக்கு விரித்து, கழித்த பட்டாளத்துத் துணிகள் விற்பார்கள். அதில் ஒரு பாசிப்பச்சை ஸ்வெட்டர் எடுத்தேன். நல்ல கம்பளி, எவனோ வருஷக்கணக்கில் போட்டிருக்கிறான். இடது முழங்கையில் மட்டும் ஓட்டை விழுந்து, அதைச் சிவப்பு உல்லனில் அடைத்திருந்தது. பச்சையில் சிவப்பு, பளிச்சென்று. யார் செய்தார்களோ, நல்ல கை. ஆனால் வேறு மாதிரியான கை. நாங்கள் முடிக்கும் மூலையில் ஆரம்பித்திருந்தது, ஒற்றை இழைக்குப் பதில் இரட்டை இழை. இடது கைக்காரராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சிவப்பை மட்டும் வெட்டி அடுப்பில் போட்டேன். கம்பளி எரிந்தால் தலைமுடி பொசுங்குகிற நாற்றம்தான் வரும். அக்கா ஓடி வந்தார். "இன்னாமே, வாயும் வயிறுமா கீறவ முடிய கொளுத்திகினு கீறே!" மிச்சத்தைப் பிரித்து, அலசி, கனம் கட்டி உலர்த்தி, சின்னதாக ஒரு ஸ்வெட்டர் பின்னினேன். முன்னால் மூன்று பொத்தான். எங்கேயும் சிவப்பு இல்லை. முழுசும் பச்சை. இதை எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் கற்பூரம் அணைத்துச் சொல்வேன்.

அக்கா அதைத் தொடக்கூட இல்லை. "பழசுன்னா நம்ம ஊட்டுப் பழசுடி. இது எவன் சட்டையோ. சண்டையில செத்தவன் சட்டையா இருந்தா இன்னா பண்ணுவே?" வாய்தான் எதிர்த்துப் பேசியது, மனசு பேசவில்லை. ஒரு மஞ்சள் பைக்குள் சுருட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டேன்.

எட்டாம் மாதமே வலி வந்தது. ஏழில் பிறந்தால் பிழைக்கும், எட்டில் பிறந்தால் பிழைக்காது என்று சொல்வார்களே, அதை ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே நாலு பேர் என் காதுபடச் சொன்னார்கள். பெண் குழந்தை. என் உள்ளங்கையிலிருந்து முழங்கை வரைக்கும்தான் இருந்தாள். டாக்டரம்மா சொன்னது ஒன்றுதான்: சூடு. உடம்பு சில்லிடவிடாதீர்கள், வேறு மருந்தில்லை. பத்தொன்பது நாள் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அட்டைப்பெட்டியில் பஞ்சு விரித்து, மேலே பல்பு தொங்கவிட்டு, அதன் அடியில் படுக்கவைத்தோம். பாலாடையில் சொட்டுச் சொட்டாகப் பால். அந்தப் பல்பைக் கும்பிட்ட அளவுக்கு நான் சாமியைக் கும்பிட்டதில்லை.

வீட்டுக்கு வந்த நாலாம் நாள் புயல் மழை. விடியற்காலையில் கரண்ட் போனது. எட்டு மணிக்கு வாசலில் தண்ணீர், ஒன்பதுக்குக் கட்டில் காலில் முக்கால்வாசி. மேலே சிமென்ட் ஷீட் விரிசல் விட்டு, பீரோ இல்லாத வீடு, கொடியில் இருந்தது, மூட்டையில் இருந்தது எல்லாம் நனைந்துவிட்டது. அட்டைப்பெட்டி ஊறி உட்கார்ந்துவிட்டது. ஸ்டவ் மிதக்கிறது. தாமோதரன் முந்தின நாள் வேலைக்குப் போனவர், பஸ் இல்லாமல் பூந்தமல்லியிலேயே மாட்டிக்கொண்டார். நானும் அக்காவும் கட்டில்மேல். குழந்தையை ரவிக்கைக்குள் போட்டு நெஞ்சோடு அணைத்திருந்தேன். நானே நனைந்து வெடவெடவென்று நடுங்கும்போது என்னிடம் ஏது சூடு? பத்து மணி வாக்கில் அவள் அழுவதை நிறுத்திவிட்டாள். பால் வைத்தால் வாயோரம் வழிகிறது. உதடு நாவற்பழ நிறம். கால் விரலைத் தொட்டால் பானைத் தண்ணீர் மாதிரி சில்லென்று இருந்தது.

"அக்கா, போய்டுவா அக்கா" என்று கத்தினேன்.

கன்னியம்மா அக்கா தானாகவே கட்டிலிலிருந்து இறங்கி, இடுப்பை வளைத்துக் குனிந்து, தண்ணீருக்குள் கையைவிட்டுத் துழாவினார். மஞ்சள் பை வந்தது, சொட்டச் சொட்ட.

"செத்தவனுதோ பொழைச்சவனுதோ, எவனுதா இருந்தா இன்னா. நைனா, யாருன்னு தெரியாது, இந்தப் புள்ளைய காப்பாத்திக் குடுத்துடு நைனா" என்று சொல்லிக்கொண்டே ஸ்வெட்டரை வெளியே எடுத்தவர், வெடுக்கென்று கையை உதறினார்.

"அடியே! சூடா கீதுடி!"

பயத்தில் ஏதோ உளறுகிறார் என்று நினைத்தேன். என் கையில் கொடுத்தார். நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள், வீடு முழுக்க ஐஸ் மாதிரித் தண்ணீர், அதற்குள் மணிக்கணக்கில் கிடந்த ஸ்வெட்டரைப் பிழிகிறேன், என் விரலிடுக்கில் வெந்நீர் வழிகிறது. குழந்தையைக் குளிப்பாட்ட முழங்கையை விட்டுப் பார்ப்போமே, அந்தப் பதம். கூடவே ஒரு வாசனை. ஈரக் கம்பளி வாசனை எனக்குத் தெரியும், ஆறு வருஷம் அதில்தான் பிழைத்தேன். இது அதோடு சேர்ந்த விறகுப் புகை. ரொம்ப நேரம் நெருப்பு காய்ந்துவிட்டு எழுந்து வந்த ஆள் பக்கத்தில் நின்றால் வருமே, அந்த வாசனை.

மாட்டிவிட்டோம். அவளுக்கு அது கவுன் மாதிரி, கால் கைகளெல்லாம் உள்ளே போய்விட்டது. கம்பளி நனைந்தாலும் சூடு தாங்கும், அது எனக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டாம். ஆனால் பத்து மணியிலிருந்து சாயந்திரம் வரைக்குமா? முதலில் உதட்டில் நிறம் வந்தது. பிறகு கால். மதியத்துக்கு மேல் வீல் என்று ஒரு அழுகை, அந்த அழுகைக்கு அக்கா எழுந்து நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். நானும் அக்காவும் மாறி மாறி அதன்மேல் கை வைத்து எங்கள் விரலைக் காய்ச்சிக்கொண்டோம். பயமே வரவில்லை. சத்தமாகப் பேசக்கூடக் கூச்சமாக இருந்தது, வீட்டுக்குப் பெரிய மனுஷர் யாரோ வந்து உட்கார்ந்திருக்கிற மாதிரி.

பொழுது சாய்வதற்குள் தாமோதரன் வந்துவிட்டார், பூந்தமல்லியிலிருந்து நடந்தே, மார்பளவு தண்ணீரில். குழந்தை இருக்காது என்று வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தாராம். இங்கே பார்த்தால் அவள் மூக்கு நுனியில் வேர்வை. "ஸ்டவ்வு பத்த வெச்சீங்களா?" என்றார். மிதந்துகொண்டிருந்த ஸ்டவ்வை அக்கா காட்டினார்.

மறுநாள் மழை விட்டு வெயில் வந்தது. ஸ்வெட்டரைக் கழற்றினேன். அப்போது சூடெல்லாம் இல்லை, சாதாரணக் கம்பளி. வாசல் வெளிச்சத்தில் உதறிப் பிடித்தால், இடது முழங்கையில் சிவப்பு.

கட்டைவிரல் நகம் அளவு. அடைத்துப் பின்னியிருந்தது. நாங்கள் முடிக்கும் மூலையில் ஆரம்பித்து, இரட்டை இழையில். நான் வெட்டி அடுப்பில் போட்டேனே, அதே கை. ஒரு நாள் முழுக்க அந்த ஸ்வெட்டர் குழந்தை மேலிருந்தது, குழந்தை எங்கள் மடியிலிருந்தது. "நீயே அந்தக் கலவரத்துல தெச்சிட்டு மறந்துட்டிருப்பே" என்றார் இவர். எதால் தைத்தேன்? ஊசிப் பெட்டி தண்ணீரோடு போயிருந்தது. அதுவும் இல்லாமல், என் கை எனக்குத் தெரியாதா?

ஆவடி ரோட்டோரக் கடைக்காரரைப் போய்க் கேட்டேன். "மூட்டையா வருது, மூட்டையா விக்கறேன்மா. யார் போட்டுகினு இருந்தாங்கன்னு எனக்கு இன்னா தெரியும்?" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். அந்த மனிதன் பெயர், ஊர், உயிரோடு இருக்கிறானா இல்லையா, ஒன்றும் இன்றுவரை தெரியாது. அக்கா மட்டும் கண்ணை மூடுகிறவரைக்கும் ஒவ்வொரு பொங்கலுக்கும் அவனுக்கு ஒரு வேட்டி எடுத்துவைத்துப் படைத்தார்.

என் பெண் உஷா வளர்ந்தாள், படித்தாள், கட்டிக்கொடுத்தேன். இப்போது நிறைமாதமாக என் வீட்டில்தான் இருக்கிறாள். "எம்மா, புதுசு எதுவும் வாங்கல, என் ஸ்வெட்டர் போதும்" என்றாள். டிரங்குப் பெட்டியைத் திறந்து எடுத்தேன். சாவி எப்போதும் என் இடுப்பில்தான். வலது முழங்கை நைந்து, இழை தெரிந்தது. பூச்சி அரித்தால் எனக்குத் தெரியும், அது அரிப்பு இல்லை, தேய்மானம். போட்டுப் போட்டுத் தேய்ந்தது. இத்தனை வருஷம் பெட்டிக்குள் இருந்த ஒன்றை யார் போட்டார்கள்?

நானே அடைத்துவிடலாம் என்று சிவப்பு உல்லன் உருண்டை ஒன்றும் ஊசி ஒன்றும் வாங்கி வந்தேன். முடியவில்லை. இரண்டு கண்ணிலும் புரை, அரைமணி நேரம் போராடியும் ஊசிக்காதில் நூல் போகவில்லை. சலித்துப்போய் ஊசியைத் தனியாக, உருண்டையைத் தனியாக ஸ்வெட்டர்மேல் வைத்துப் பெட்டியைப் பூட்டிவிட்டேன். உஷாவைக் கேட்கலாம் என்றால், அவளுக்கு ஊசி பிடிக்கவே தெரியாது.

போன வெள்ளிக்கிழமை மதியம் திறந்தேன். முழங்கை நைந்தபடியேதான் இருந்தது. ஊசியில் நூல் கோத்திருந்தது, இரட்டை இழையாக.

உஷாவிடம் சொல்லவில்லை. "நைனா, இன்னும் பத்து நாள்தான் கீது" என்று பெட்டிக்குள் பார்த்துச் சொல்லிவிட்டு, ஊசியைத் தொடாமல் மூடிவைத்திருக்கிறேன்.