மணல்மேல் ஒரு தோல்

என் அக்கா கணவருக்குத் தண்ணீர் நிலையத்தில் பாசி என்று பட்டப்பெயர். ஆற்றுத் தண்ணீர் இரண்டு பெரிய மணல் தொட்டிகளில் மெல்ல இறங்கித்தான் ஊருக்குப் போகும். அந்த மணலின்மேல் பழுப்பாக, வழுவழுவென்று படிந்திருக்கும் தோலுக்கு அவர்தான் காவல். நான் வால்வு திறக்கிறவன்.

அது அழுக்கு அல்ல. பாசி, கண்ணுக்குத் தெரியாத உயிர்கள், நூல் போன்ற புழுக்கள் என்று ஒரு கூட்டமே அதில் குடித்தனம் நடத்துகிறது. ஒன்றையொன்று தின்று, ஆற்றோடு வரும் கிருமிகளையும் தின்று தீர்ப்பது அவைதான். மணல் வெறும் வீடு. தோல் தடித்துத் தண்ணீர் இறங்காதபோது மாமா ஒரு தொட்டியை மட்டும் மேலாக வழிப்பார். மறுபடி தோல் பிடிக்க மூன்று வாரம் ஆகும். அதுவரை மற்ற தொட்டி ஊரைப் பார்த்துக்கொள்ளும். இருபத்தாறு வருடம் இப்படித்தான் ஓடியது. சாப்பிடும்போதும் இதே பேச்சுதான்; அக்கா தலையில் அடித்துக்கொள்வாள்.

புதிதாக வந்த அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு தொட்டியை எட்டிப் பார்த்தார். மேலிடத்திலிருந்து பார்வையிட வருகிறார்களாம்.

"இத்தனை வருஷமா அழுக்குக்குக் காவல் இருந்துதான் சம்பளம் வாங்குறீங்களா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார்.

மாமாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. எடுத்துச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. சுத்தம்தானே கேட்கிறார் என்று முணுமுணுத்துக்கொண்டே, இரண்டு தொட்டிகளையும் ஒரே நாளில் வெள்ளை மணல் தெரிய வழித்து, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிவிட்டார். நானும் மண்வெட்டி பிடித்தேன். பார்க்கப் பளிச்சென்றுதான் இருந்தது. வந்தவர்கள் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

தோல் பிடிக்கட்டும் என்று இரண்டு வால்வுகளையும் மூடி வைத்திருந்தோம்; மூன்றாம் நாள் ஊரில் குழாய்கள் வற்றின. குடங்களோடு வாசலில் கூட்டம். அதிகாரி வால்வைத் திறக்கச் சொன்னார். நான் மாமாவைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். திறந்தேன். ஆற்றில் இருந்ததெல்லாம் வெறும் மணல் வழியே ஊருக்குள் போனது.

அன்று மாலை மாமா அக்காவைச் சமையலறைக்குள் கூப்பிட்டு, தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடிக்கச் சொன்னார். வெளியே மூச்சு விட்டால் வேலை போய்விடும் என்றார். என் வீட்டிலும் அப்படியே செய்தோம், அப்படியே வாயை மூடிக்கொண்டோம். நினைத்தால் இன்றும் என் முகத்திலேயே காறித் துப்பிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பத்தே நாளில் தெருவுக்கு நாலு பேர் வயிற்றுப்போக்கில் படுத்தார்கள். மாமாவின் நாலு வயதுப் பேத்தியும் படுத்தாள். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தாள். மூன்றாம் நாள் துணியில் சுற்றி எடுத்து வந்தோம். தொட்டிகளில் அன்றுதான் லேசாகப் பழுப்பு படிய ஆரம்பித்திருந்தது.

கொதிக்க வைத்த தண்ணீரைத்தானே கொடுத்தோம் என்று அக்கா சொன்னதையே சொல்லி அழுதாள். எதிர்வீட்டுக்காரி கதவோரம் நின்றிருந்தாள். அவளுடைய மகன் இன்னும் ஆஸ்பத்திரியில்தான் கிடந்தான்.

"தினமும் எங்க வீட்டுலதான் விளையாடுவா. தாகம்னு கேட்டா, குடத்துலருந்து நான்தான் மொண்டு குடுத்தேன்," என்றாள். பிறகு கேட்டாள்: "நீங்க மட்டும் ஏன்க்கா கொதிக்க வெச்சீங்க?"

அக்கா மாமாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். நானும்தான்.