நின்ற இடத்தில் திருப்பாதே

பட்டறைப் பக்கம் அவரை எல்லாரும் சுத்தியல் என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா வைக்கும் இடத்தில் அவர் ஒரு சின்னச் சுத்தியலை வைத்திருப்பார். பிடி தேய்ந்து அவருடைய கைக்கென்றே வார்த்த மாதிரி ஆகிவிட்டது. எதைக் கண்டாலும் ஒரு தட்டு. ஸ்பிரிங் பட்டை, சக்கர போல்ட், வீட்டு வாசல் கம்பி, எதுவும் தப்பாது. தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்பார். நல்ல இரும்பு மணி மாதிரி பேசும், கெட்டது மூக்கடைத்தவன் மாதிரி பேசும் என்பார்.

"எங்க வீட்டுக்காரரையும் பொண்ணு பார்க்க வந்த அன்னிக்கே ஒரு தட்டு தட்டியிருக்கலாம்ல அண்ணே" என்று தங்கச்சி கேலி செய்வாள்.

"தட்டினேனே. நல்ல தூக்கம், பதிலே வரலை."

அந்தத் தங்கச்சியைத் தவிர அவருக்கு யாரும் கிடையாது. அம்மா அப்பா போன பிறகு தூக்கி வளர்த்தவர் அவர்தான். அவளுக்காகவே கல்யாணம் கட்டாமல் இருந்துவிட்டார் என்று சொந்தக்காரர்கள் உருகுவார்கள். "எனக்கு எவளும் கிடைக்கலை, அதுக்குப் போய் தியாகம்னு பேர் வைக்கிறீங்களே" என்று எரிந்து விழுவார்.

இன்னொரு விஷயத்துக்கும் அவர் எரிந்து விழுவார். நிற்கிற வண்டியில் எவனாவது ஸ்டீரிங்கைத் திருப்பினால் போதும், பட்டறையே அதிரும். "உருள விட்டுத் திருப்புடா! நின்ன இடத்துல திருப்பினா அத்தனை பாரமும் ஒரே இடத்துல இழுக்கும்டா!" புதிதாக வருகிறவர்கள் வண்டியை விட்டு இறங்கியே போய்விடுவார்கள்.

தங்கச்சியைக் கட்டிய மாப்பிள்ளை பாதி ஆயுசு டேங்கர் லாரி ஓட்டியவர். கம்பெனி காட்டிய பக்கமே போய், கம்பெனி சொன்ன நேரத்துக்கே திரும்பி வந்த மனுஷன். வேலையை விட்டதும் ஒரு பழைய ஜீப்பை வாங்கினார். மலையைத் தாண்டி, மணல்காட்டைத் தாண்டி, ரோடு கடலில் போய் முடிகிற இடம் வரைக்கும் போக வேண்டும், சாப்பாடும் தூக்கமும் வண்டியிலேயே. அதற்காக உயரமான ஸ்பிரிங் போட்டார், குண்டு டயர் போட்டார். முன்னால் இரும்பு பம்பர், மேலே கேரியர், கேரியர் மேல் கூடாரம், பின்னால் டீசல் டிரம், தண்ணீர் டேங்க். கடைசியாக அடிப்பாகம் முழுக்கக் கறுப்புப் பெயிண்டை அப்பிவிட்டு, "சும்மா ஒரு பார்வை பாருங்க மச்சான்" என்று பட்டறைக்குக் கொண்டுவந்தார்.

சுத்தியல் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தார். வண்டியைத் தாங்கும் சேஸிஸ் சட்டம் நெடுக மணிச்சத்தம். ஸ்டீரிங்கைத் திருப்பினால் சக்கரத்தைத் திருப்புகிற ஸ்டீரிங் பாக்ஸை போல்ட் போட்டு முடுக்கியிருக்கும் இடத்தில் மட்டும் சத்தம் அடைத்தது. மறுபடியும் தட்டினார். மறுபடியும் அதே சத்தம்தான்.

பெயிண்டைச் சுரண்டி, மண்ணெண்ணெய் தடவி, ஊற விட்டு, நன்றாகத் துடைத்து, மேலே சாக்பீஸைத் தேய்த்தார். உள்ளே இறங்கியிருந்த எண்ணெய் வெள்ளையில் கசிந்து வந்தது. போல்ட் ஓட்டையில் ஆரம்பித்து, புழு நெளிந்த மாதிரி ஒரு கோடு.

"கீறல்தானே மச்சான்? வெல்டிங் வெச்சு மூடிடுங்க."

"மூடினா நம்ம கண்ணுக்குத்தான் தெரியாது மாப்ளே. அந்தத் துண்டையே வெட்டி எடுத்துட்டு வேற வைக்கணும். இன்ஜினை இறக்கணும்."

"அதுக்குள்ள மலையில பனி விழுந்து பாதையை மூடிடும். அப்புறம் அடுத்த வருஷம்தான்."

"அடுத்த வருஷம் மலை எங்கேயும் ஓடிப்போகாது."

"நான் ஓட்டாத வண்டியா? உங்களுக்கு எதைப் பார்த்தாலும் பயம் மச்சான்."

சுத்தியல் தங்கச்சியைப் பார்த்தார். நீயாவது இங்கேயே இரு என்று வாய் வரைக்கும் வந்தது. அவளே முந்திக்கொண்டாள். "நான் போறேன் அண்ணே. கல்யாணமான நாள்ல இருந்து அவர் போவார், நான் ஜன்னல்ல நிப்பேன். ஒரு தடவையாவது பக்கத்து சீட்டுல உட்கார்றேனே."

அவர் மறுபடியும் வண்டிக்கு அடியில் போனார். கீறல் முடிகிற நுனியில் டிரில்லிங் மெஷினால் சின்னதாக ஒரு ஓட்டை போட்டார். கீறல் ஓட்டை வரைக்கும் வந்தால் அதற்கு மேல் போக வழி தெரியாமல் நின்றுவிடும், பெரும்பாலும். பிறகு மாற்றுத்துணி ஒரு பை, மண்ணெண்ணெய் பாட்டில், சாக்பீஸ் டப்பா எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"நீங்க எங்க மச்சான் கிளம்பிட்டீங்க?"

"ஓட்டைக்குக் காவல்."

வண்டி நின்ற இடத்திலெல்லாம் அவர் அடியில் போய்ப் படுத்தார். "வண்டிக்கு ஜுரம் பார்க்கிறார் உங்கண்ணன்" என்று மாப்பிள்ளை சிரித்தார். தார் ரோடு இருந்த வரைக்கும் கோடு ஓட்டையோடு நின்றது. ஜல்லிப் பாதை ஆரம்பித்த பிறகு, திருப்பங்களில் எங்கேயோ 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. பாத்திரப் பெட்டிதான் என்றார் மாப்பிள்ளை. தங்கச்சி பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அடுத்த திருப்பத்தில் மறுபடியும் 'டக்'. அவள் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், திரும்பி அண்ணனைப் பார்க்கவில்லை.

மலைப்பாதை ஏறத் தொடங்கிய இடத்தில் நிறுத்தினார்கள். தடுப்புச் சுவர் கிடையாது. வலது பக்கம் பள்ளம். அதன் அடியில் வெயில் பட்டு என்னவோ மின்னியது. உருண்டு போன ஏதோ வண்டியின் தகரமாக இருக்கலாம்.

சுத்தியல் அடியில் போனார். வெளியே வர நேரம் பிடித்தது. வந்தபோது கையெல்லாம் சாக்பீஸ் பொடி.

"ஓட்டைக்கு அந்தப் பக்கமும் கோடு போயிருக்கு. மேல் போல்ட்ல இருந்து இன்னொண்ணு புதுசா இறங்குது. தங்கச்சி, இறங்கு."

அவள் பெட்டியோடு இறங்கினாள். மாப்பிள்ளைக்கு முகம் சிவந்துவிட்டது.

"மலை ஏறத்தான் இவ்வளவு தூரம் வந்தோம். இங்க வந்து இறங்குன்னா? ஏறும்மா நீ. என் கைக்குத் தெரியாதா?"

"உங்க கையை நான் குறை சொல்லலை மாப்ளே. ஒண்ணு பண்ணுங்க. பிரேக்கை மிதிச்சுக்கிட்டு இன்ஜினைப் போடுங்க. நின்ன இடத்துலயே ஸ்டீரிங்கை முழுசா இந்தப் பக்கம் திருப்புங்க, முழுசா அந்தப் பக்கம் திருப்புங்க. தாங்கிடுச்சுன்னா என் தங்கச்சியை நானே முன்சீட்டுல ஏத்தி விடறேன்."

தங்கச்சி அண்ணன் முகத்தைப் பார்த்தாள். இதைச் செய்தவனையெல்லாம் பட்டறையை விட்டே துரத்திய வாய் அது. அவள் வண்டியை விட்டு இரண்டடி பின்னால் தள்ளி நின்றாள்.

"இவ்வளவுதானா?" என்று மாப்பிள்ளை இன்ஜினைப் போட்டார். வலது பக்கம் முழுசாகத் திருப்பினார். குண்டு டயர்கள் ஜல்லியை நறநறவென்று அரைத்தன. ஒன்றும் ஆகவில்லை. "என்ன மச்சான்?" என்று ஜன்னல் வழியாகக் கண்ணடித்துவிட்டு இடது பக்கம் வளைக்க ஆரம்பித்தார்.

முன்னால் எதுவோ முறிந்தது. பெரிய சத்தம்கூட இல்லை.

ஸ்டீரிங் கையில் பம்பரமாகச் சுற்றியது, அதன் கூடவே அவருடைய தோளும் சரிந்தது. இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். ஒரு பிடிப்பும் இல்லை. இன்ஜின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. சுத்தியல்தான் ஜன்னல் வழியாகக் கையை விட்டு அதை அணைத்தார். ஒரு கைப்பிடித் துரு வண்டிக்கு அடியிலிருந்து பொலபொலவென்று ஜல்லியில் கொட்டியது.

மாப்பிள்ளை ஸ்டீரிங்கை விடவில்லை. தங்கச்சி போய் அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள்.

"இறங்குங்க மாப்ளே" என்றார் சுத்தியல். "மெதுவா இறங்குங்க."

மாப்பிள்ளை இறங்கி வண்டிக்கு முன்னால் வந்து நின்றார். முன்சக்கரங்கள் இரண்டும் முதலில் திருப்பிய வலது பக்கமே திரும்பியபடி, பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.