மூணாவது கட்டம்

எங்க அண்ணிக்குக் காது சரியா கேக்காதுன்னு யாராவது பாவப்பட்டுப் பேசினா எனக்குப் பத்திக்கிட்டு வரும். பாவமாம். அவங்க வாயில விழுந்து எழுந்தவங்களைக் கேட்டுப் பாருங்க, யாரு பாவம்னு தெரியும்.

நானும் அண்ணியும் ஒரே ஆபீஸ். டயர் கடைக்கு மேல ரெண்டாவது மாடி. மொத்தம் பன்னெண்டு பேரு. சின்னப் பிள்ளைங்க கம்ப்யூட்டர்ல படிக்கிற பாடங்களை அனிமேஷன் சாஃப்ட்வேர்ல செஞ்சு பள்ளிக்கூடங்களுக்குக் கொடுக்கறோம். நான் பட்டன் வரைவேன், அண்ணி அதுக்குச் சத்தம் வைப்பாங்க. நாத்தனாரும் அண்ணியும் ஒரே இடத்துல வேலை பாத்தா விளங்குமான்னு எங்க அண்ணன் கேட்டாரு. வீட்டுல போடற சண்டையே போதும்னு ஆபீஸ்ல ஒத்துமையா இருந்துட்டோம்.

பட்டன்னா சாதாரணம்னு நினைக்காதீங்க. ஒவ்வொண்ணுக்கும் நாலு கட்டம் உண்டு. சும்மா இருக்கும்போது ஒண்ணு, மவுஸ் மேல வந்தா ஒண்ணு, அழுத்தினா ஒண்ணு. நாலாவது கண்ணுக்கே தெரியாது, எந்த எடத்துல அழுத்தினா வேலை செய்யணும்கிற எல்லை அது. சத்தம் உக்கார்றது மூணாவது கட்டத்துல. அந்த மூணாவது கட்டத்துல எங்க அண்ணியைக் கேக்காம ஒரு ஈ கூட நுழையாது.

சத்தமெல்லாம் எங்க வீட்டுலயே பிடிச்சது. பேனா மூடி, அலமாரித் தாழ்ப்பாள், டம்ளர்ல கரண்டி தட்டறது. ‘அடுத்த பக்கம்’ பட்டனை அழுத்தினா வர்ற சத்தம் எங்க அண்ணன் போடற சொடக்கு. எத்தனையோ ஊருப் பிள்ளைங்க எங்க அண்ணன் விரலை அழுத்திட்டிருக்குங்க, அவருக்கே அது மறந்துபோச்சு.

நாலு வருஷம் முன்னாடி ஒரு காய்ச்சல் வந்து அண்ணிக்கு இடது காது போயிடுச்சு. வலது காதுலயும் பாதிதான் மிச்சம். அதுல ஒரு மிஷின் வச்சு, தெரியாம இருக்க மேல முடியை இழுத்து விட்டுப்பாங்க. ஆபீஸ்ல என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. சத்தம் சரியா விழுதான்னு அவங்க பாக்கற விதமே வேற. இடது உள்ளங்கையை ஸ்பீக்கர்மேல வச்சுக்குவாங்க, வலது விரல் மவுஸ்ல. இந்த விரல் அழுத்தற அதே நேரத்துல அந்தக் கையில அதிர்வு வரணும். கொஞ்சம் பிந்தினாலும் மறுபடி முதல்லேருந்து. நாலு வருஷத்துல ஒரு பட்டன் திரும்பி வந்ததில்ல.

ஒருநாள் மிஷின்ல பேட்டரி தீந்துபோச்சு. கழட்டி மேசைமேல வச்சுட்டு வேலை பாத்துட்டிருந்தாங்க. முதலாளி பின்னாடி வந்து நின்னு மூணு தடவை கூப்பிட்டாரு. அப்புறம் மேசையைப் பாத்தாரு. எதிர்ல உக்காந்திருந்த நான் கையை ஆட்டியும் அண்ணி திரையை விட்டு நிமிரல.

மறுநாள் காலையில அண்ணியைக் கூப்பிட்டு, “உங்களுக்குச் சிரமமில்லாத வேலையா தர்றேம்மா. கேள்வித்தாள் டைப் பண்ணுங்க”ன்னாரு.

“எனக்குச் சிரமம்னு உங்ககிட்ட எப்ப சொன்னேன்?”

“காது கேக்காதவங்க சத்தம் வைக்கறாங்கன்னு வெளியில தெரிஞ்சா சிரிப்பாங்கம்மா.”

“நான் வச்ச சத்தத்தைக் கேட்டா சிரிச்சாங்க?”

அன்னிக்கு மத்தியானமே ஒருத்தர் வந்து அண்ணி நாற்காலியில உக்காந்துட்டாரு. கழுத்துல பெரிய ஹெட்போன். ஆளு கெட்டவரு இல்ல, அதையும் சொல்லிடணும். வேலையும் தெரிஞ்சவருதான்.

நான் வேலையை விட்டுடறேன்னு குதிச்சேன். “நீ வாயை வச்சுட்டுச் சும்மா இரு. நானே போகல, உனக்கென்ன?”ன்னாங்க அண்ணி. “போனா, செவிடி அதான் போயிட்டான்னு ஆயிடும். இங்கயே இருந்து அந்த நாற்காலியை வாங்கறேன் பாரு.” சொல்லிட்டு ஸ்பீக்கரைப் பிடுங்கிக் கக்கத்துல வச்சுட்டு டைப்பிங் மேசைக்குப் போனாங்க. அது எங்க வீட்டு ஸ்பீக்கர். கேள்வித்தாள் டைப் பண்ண ஸ்பீக்கர் எதுக்குன்னு யாருக்கும் கேக்கத் தைரியம் வரல.

ஹெட்போன்காரர் புதுப் பாடத்துக்குச் சத்தம் வச்சாரு. தண்ணி சொட்டற மாதிரி, சின்ன மணி அடிக்கற மாதிரி. ஆபீஸே கைதட்டுச்சு. நான் தட்டல. ஆனா அழகாத்தான் இருந்துச்சு.

ஆறாவது நாள், அந்தப் பாடம் போன ஒரு பள்ளிக்கூடத்துலருந்து டீச்சர் போன். பிள்ளைங்க பட்டனை அழுத்துதுங்களாம், ஒண்ணும் நடக்கலைன்னு உடனே மறுபடி அழுத்துதுங்களாம். அதுக்குள்ள பக்கம் மாறி, ரெண்டாவது அழுத்தல் அடுத்த பக்கத்துப் பட்டன்மேல விழுந்து, கேள்வியே பாக்காம தப்புன்னு வந்துடுதாம். ஒரு பொண்ணு, எல்லாம் தெரிஞ்ச பொண்ணு, தனக்கு ஒண்ணுமே வரலைன்னு அழுதுட்டு எழுந்து போயிடுச்சாம்.

“உங்க கம்ப்யூட்டர் பழசும்மா”ன்னு முதலாளி சமாளிச்சாரு. ஹெட்போன்காரர் எல்லாச் சத்தத்தையும் ஒண்ணொண்ணா ஓட்டிக் கேட்டாரு. ஒரு குறையும் இல்லைன்னாரு.

நான் டைப்பிங் மேசைக்குப் போய் அண்ணி முகத்தைப் பாத்து விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பொண்ணு அழுததைச் சொன்னதும் எழுந்துட்டாங்க. ஸ்பீக்கரோட வந்து, “தள்ளுங்க”ன்னாங்க. அவரு தள்ளினாரு. நின்னபடியே ஒரு கை ஸ்பீக்கர்ல, ஒரு கை மவுஸ்ல. ரெண்டு தடவை அழுத்தினாங்க.

“பிந்துது.”

“நான் கேட்டேனேம்மா, சரியாத்தானே...”

“நீங்க சத்தத்தைக் கேட்டீங்க. பட்டனை அழுத்திப் பாக்கல. அதைக் கழட்டிட்டுக் கையை இங்க வைங்க.”

அவரு ஹெட்போனைக் கழட்டிட்டு ஸ்பீக்கர்மேல கை வச்சு அழுத்தினாரு. மறுபடி அழுத்தினாரு. அவரு முகம் மாறுச்சு. “ஆமாங்க, பிந்துது”ன்னாரு. பாருங்க, அதை ஒத்துக்கவும் ஒரு மனசு வேணும்.

அண்ணி அந்தச் சத்தத்தைத் திரையில பெருசாக்கினாங்க. மேலயும் கீழயும் துடிக்கிற கோடு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, நகம் அகலத்துக்கு வெறுங்கோடு. ஒண்ணுமில்லாத கால் செகண்டு. தனியாக் கேட்டா யாருக்கும் தெரியாது. அழுத்தற பிள்ளைக்குத் தெரியும். அண்ணி அந்த ஒண்ணை மட்டும் வெட்டிக் காட்டிட்டு மவுஸை விட்டுட்டாங்க.

“இன்னும் நாப்பத்தொண்ணு இருக்கு. இதைச் செஞ்சு கொடுத்துட்டு டைப்பிங் மேசைக்குத் திரும்பிப் போவேன்னு நினைக்காதீங்க சார். இந்த நாற்காலியில உக்காந்துதான் வெட்டுவேன். நாளைக்கும் இங்கதான் உக்காருவேன்.”

ஹெட்போன்காரர் யாரும் சொல்லாமலே தன் பையை எடுத்துட்டுப் பக்கத்து மேசைக்கு நகர்ந்தாரு. முதலாளி தரையைப் பாத்துட்டு முணுமுணுத்தாரு. “அது வந்தும்மா... என்னன்னா... நல்லதுக்குன்னு நினைச்சு... அதாவது, தப்பாயிடுச்சு.”

அண்ணி முடியை எடுத்துக் காதுக்குப் பின்னால சொருகினாங்க. மிஷின் பளிச்சுன்னு தெரிஞ்சுது. பன்னெண்டு பேரும் பாத்தோம்.

“முகத்தைப் பாத்துச் சொல்லுங்க சார். எனக்குக் கேக்கல.”

“அது வந்து... தப்பாயிடுச்சும்மா.”

“கேக்கல சார்.”

முதலாளி நிமிர்ந்தாரு. “தப்பு என்னுது. மன்னிச்சுடுங்க.”

அண்ணி தலையாட்டிட்டு உக்காந்தாங்க. சாயங்காலத்துக்குள்ள நாப்பத்தொண்ணும் முடிஞ்சுது.

வீட்டுக்குப் போக மாடி இறங்கும்போது நான் அவங்களை நிறுத்தி, முகம் பாத்துக் கேட்டேன். “நிஜமாவே கேக்கலையா அண்ணி?”

“உதடு அசையும்போதே தெரிஞ்சுபோச்சு.”

“அப்புறம் எதுக்கு மூணு தடவை சொல்ல வச்சீங்க?”

“அந்த மன்னிப்புக்கு முன்னாடி எவ்வளவு வெறுங்கோடு இருந்துச்சு, பாத்தேல்ல? எல்லாத்தையும் வெட்ட வேண்டாமா”ன்னுட்டு, ஸ்பீக்கர் இல்லாத கையை வீசிக்கிட்டே எனக்கு முன்னாடி இறங்கிப் போனாங்க.