மோரில் மாங்காய், பிரிட்ஜில் புளி

என் கல்யாணத்துக்கு அப்பா ஒரு பிரிட்ஜ் வாங்கிக் கொடுத்தார். என் பிறந்த வீட்டில் மண்பானைத் தண்ணீர்தான். மகளாவது சில்லென்று குடிக்கட்டும் என்று ஆசை. ஆனால் தண்டலத்துக்குப் பக்கத்தில் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில், 1991 கோடையில், அந்தப் பிரிட்ஜுக்குள் புளியும் வற்றல் டப்பாவும்தான் இருந்தன.

தப்பு என்னுடையது. வந்த புதிதில், நாத்தனார் கணவருக்கு மாமியார் கடைந்துவைத்த மோரில் கை நிறைய ஐஸ் போட்டுவிட்டேன். அந்த மனிதர் ஒரு வாய் குடித்தால் ஒன்பது கதை பேசுவார். டம்ளர் பாதி காலியாவதற்குள் ஐஸ் கரைந்து மோர் நீர்த்துவிட்டது. மாமியாருக்கோ மோர்தான் மானம், மரியாதை எல்லாம்.

“மாப்ளைக்கு மோரு குடுத்தியா, பாத்திரம் கழுவுன தண்ணிய குடுத்தியா?” என்று கத்தியவர், அன்றே பிளக்கைப் பிடுங்கிவிட்டார்.

அம்மாவுக்குப் போட்ட கடிதங்களில் மட்டும், ‘பிரிட்ஜ் நன்றாக ஓடுகிறது’ என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

மே மாதத்தில் ஒருநாள் மாமியார் அறிவித்தார். “புளி வெக்க பானை போதும். நாயித்துக்கிழம டெம்போ வருது. எம் பொண்ணு பிரிட்ஜ எடுத்துகினு போவட்டும்.”

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கணவரிடம் சொன்னேன். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று முனகிக்கொண்டே ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஓ.டி.யும் எழுதிக் கொடுத்துவிட்டார், கெட்டிக்காரர்.

சனிக்கிழமை காலை மாமியாரிடம், “கொடுக்கிறதுக்கு முன்னாடி ஓடுதான்னு பாக்க வேணாமா அத்தை?” என்று கேட்டு பிளக்கை மாட்டினேன். பச்சை மாங்காயை மெல்லிசாகச் சீவி, உப்புப் பிசறி, எவர்சில்வர் டப்பாவில் பரப்பி ஃப்ரீசரில் வைத்தேன். மறுநாள் டப்பா பனியோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. தோசைத் திருப்பியால் நெம்பி எடுத்தேன்.

நாத்தனாரும் அவர் கணவரும் வந்த டெம்போ வாசலில் நின்றது. மாமியார் தூக்கில் மோரை ஊற்றிவிட்டுத் திரும்பிய நேரம், மாங்காயை உள்ளே கொட்டினேன்.

மாப்பிள்ளை குடித்தார், பேசினார், மறுபடி குடித்தார். கடைசி வாயில் நிறுத்தி, “இன்னா அத்த போட்டீங்க? இன்னும் சில்லுனு கீது, மோரு கொஞ்சங்கூட நீத்துப்போவல!” என்றார்.

மாமியார் தூக்குக்குள் எட்டிப்பார்த்தார். ஒரு துண்டை எடுத்து மென்றார். என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வாய் கூசாமல், “அது நம்ம கைப்பக்குவம் மாப்ள” என்றார்.

அடிப்பாவி என்று நாக்கு நுனி வரை வந்தது. கடித்துக்கொண்டேன்.

“அப்ப பிரிட்ஜ ஏத்திடலாமா?” என்று மாப்பிள்ளை கேட்டார்.

“அத ஏத்திட்டா, அடுத்த வாட்டி நீங்க வர்றப்ப மாங்காவ நான் எங்க வெக்கிறது?” என்றார் மாமியார்.

நாத்தனார் முகம் சுண்டிப்போனது. டெம்போவில் ஒரு மூட்டை மாங்காய் மட்டும் போயிற்று. பெயர் மாமியாருக்கே போகட்டும் என்று விட்டுவிட்டேன். சமையலறைக்குள் போய், சந்தோஷம் தாங்காமல் கொஞ்சம் அழுதேன்.

சாயங்காலம் அம்மாவுக்குக் கடிதம் எழுதினேன். ‘பிரிட்ஜ் நன்றாக ஓடுகிறது.’ அன்றுதான் அதைப் பொய்யில்லாமல் எழுதினேன்.