துப்பத் தெரிந்தவர்

பதுளை ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குத் துணையாக இருந்த நாட்களில், பக்கத்துக் கட்டில்காரரை எனக்கு அறவே பிடிக்கவில்லை. பானை வயிறு, மஞ்சள் பூத்த கண்கள், குச்சிக் கால்கள். இந்தக் கோலத்திலும் பேச்சில் துரை மிடுக்கு. மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் தூள் தயாரிப்பை மேற்பார்க்கும் டீமேக்கராக இருந்தாராம். தொழிற்சாலையை மூடியதும் வேலை போனது. அன்று தொட்டது, காட்டில் திருட்டுத்தனமாக வடிக்கும் கசிப்புச் சாராயம். வேலை போனவன் எல்லாம் ஈரலைக் கரைத்துக்கொண்டா கிடக்கிறான்?

அவர் மனைவி கொழுந்து பறித்துவிட்டு, பஸ் பிடித்து, பிளாஸ்கில் தேநீர் கொண்டுவருவாள். அவர் அதைச் சர்ரென்று உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, கட்டிலடியில் இருக்கும் சட்டியில் துப்புவார். தொழிற்சாலையில் ருசி பார்க்கிறவர்கள் அப்படித்தான், விழுங்க மாட்டார்கள். அந்தப் பழக்கம் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை.

"கருகிப்போன தூளு. இதையெல்லாம் மனுசன் குடிப்பானா?" என்று அவளிடம் எரிந்து விழுவார்.

ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. "தேத்தண்ணியைத் துப்பத் தெரியுது, கசிப்பைத் துப்பத் தெரியலையாங்க?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்சமும் கூசவில்லை. "தேயிலை தொரையோடதுங்க, துப்பித்தான் ஆகணும். கசிப்பு என்னோடது" என்றார், ஏதோ பரம்பரைச் சொத்தைச் சொல்வதுபோல.

அவள் கொழுந்துக் கறை படிந்த விரல்களால் சட்டியை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள்.

தேயிலை துரையுடையதாம், கசிப்பு அவருடையதாம். அந்தச் சட்டி மட்டும் எப்படி அவளுடையதாயிற்று என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.