கருநீலப் படகில் வெள்ளைப் புள்ளிகள்

எங்கள் படகுச் சங்கத்தின் தலைவர் பொய் சொன்னார். துறையில் உள்ள குழாய்த் தண்ணீர் படகின் மேல்பூச்சைக் கெடுக்கும் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே எங்கள் எல்லோரையும் அதில் கழுவ விட்டார். அப்படிக் கழுவிக் கெட்டுப்போன என் படகை, ஊத்தை என்று சொல்லிப் பட்டியலிலிருந்து எடுத்தார்.

நான் கண்டக்குழியில் டொல்பின் பார்க்க வருகிறவர்களைக் கடலுக்குக் கூட்டிப்போகிறவன். அதற்கு முன் இதே கரையில் மீன் பிடித்தேன். அந்த நாட்களில் ஒருவரும் படகைத் துடைத்ததில்லை. செதில் காய்ந்து ஒட்டியிருக்கும், காகம் எச்சம் போட்டிருக்கும், அப்படியே தள்ளிக்கொண்டு போவோம். இப்போது ஏறுகிறவர்கள் வெள்ளைக் காற்சட்டையோடு வருகிறார்கள். ஏறுவதற்கு முன் படகோடு நின்று படம் எடுக்கிறார்கள். படகு பளபளக்காவிட்டால் விடுதிக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள். எந்தப் படகு எப்போது போவது என்ற பட்டியல் சங்கத் தலைவர் கையில் இருக்கிறது. அதில் பெயர் இல்லாதவனுக்கு அந்தப் பருவத்தில் வேலை இல்லை.

என் படகு கருநீலம். கூட்டாளியான மச்சான், என் மனைவியின் தம்பி, வெள்ளையே போதும் என்றார். நான்தான் பிடிவாதமாகக் கருநீலப் பூச்சுப் போட வைத்தேன். கடலில் இருந்து பார்த்தால் அழகாக இருக்கும். அழுக்கு எவ்வளவு தெரியும் என்று யோசிக்கவில்லை.

இந்தப் பருவத் தொடக்கத்தில் சங்கம் துறைக்குப் பக்கத்தில் குழாய்க்கிணறு அடித்தது. கடல் உப்பைக் கழுவ நல்ல தண்ணீர் வேண்டும் என்பது சரிதான். திறந்த அன்று தலைவர் ஒரு கிளாஸ் நிறையப் பிடித்து எல்லோர் முன்னாலும் குடித்துக் காட்டினார்.

"குடிச்சுப் பாருங்க, இளநி மாதிரி ஈக்கி. இதுல கழுவினா போட் கண்ணாடியா மின்னும்," என்றார்.

நாங்களும் குடித்தோம். உப்பே இல்லை. இந்தக் கரையில் நாங்கள் தண்ணீரை நாக்கால்தான் அளப்போம். உப்புக் கரித்தால் கெட்ட தண்ணீர், கரிக்காவிட்டால் நல்ல தண்ணீர். அதற்கு மேல் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. அந்தத் தண்ணீருக்குள் சுண்ணாம்பு கரைந்திருப்பதை எந்த நாக்கும் சொல்லாது.

கடலிலிருந்து வந்து படகைக் கரையேற்றிக் கழுவி முடிக்கப் பத்து மணியாகும். வெயில் கொதிக்கும், வாடைக்காற்று அடிக்கும். முன்பக்கம் கழுவிப் பின்பக்கம் போவதற்குள் முன்பக்கம் காய்ந்துவிடும். ஒவ்வொரு துளியும் காய்ந்த இடத்தில் ஒரு வெள்ளை வட்டம் விட்டுப்போகும். என்னிலும் பிழை இருக்கிறது. துடைக்காமல் விட்டுவிட்டுப் பிளேன்டீ குடிக்கப் போய்விடுவேன். காற்றுத்தான் துடைக்கிறதே என்று நினைத்தேன். இரண்டு கிழமைக்குள் கருநீலப் படகு முழுக்க வெள்ளைப் புள்ளி. சவர்க்காரம் போட்டேன், போகவில்லை. மண்ணெண்ணெய் போட்டேன், நனைந்திருக்கும்வரை மறைந்திருந்து காய்ந்ததும் பல்லைக் காட்டியது.

மச்சானுக்குப் பொறுமை கிடையாது. சோற்றுச் சட்டியின் கரியைத் தேய்ப்பதுபோலத் தேங்காய்த் தும்பில் மணலைத் தொட்டு ஒரு பக்கம் தேய்க்கத் தொடங்கினார். நான் ஓடிப்போய்ப் பிடிப்பதற்குள் அரிசி புடைக்கிற ஒரு சுளகு அளவுக்கு மினுக்கம் செத்துவிட்டது. புள்ளியும் முழுதாகப் போகவில்லை, கீறல் மட்டும் மிச்சம்.

"சட்டியா மச்சான் இது?"

"சட்டியெண்டா இந்நேரம் போயிருக்கும்," என்றார். அவரோடு கதைத்துப் பயனில்லை.

அடுத்த நாள் தலைவர் வந்தார். துறையில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். அவர் என் படகில் ஒரு விரலை வைத்து இழுத்துப் பார்த்தார்.

"என்ன இது, சிரங்கு புடிச்ச மாதிரி ஈக்கி?"

ஆட்கள் சிரித்தார்கள்.

"கழுவித்தான் ஈக்கி நானா. உங்கட குழாய்லதான்," என்றேன்.

"அப்ப என்ட போட்டப் போய்ப் பாருங்க. அதே குழாய்தான். கழுவப் பஞ்சியெண்டா கரையிலேயே ஈந்துகோங்க."

எனக்குச் சோம்பலாம். விடிய நாலு மணிக்கு எழும்புகிறவனுக்குச் சோம்பலாம். அவருடைய படகும் கடும் நிறம்தான், சிவப்பு. ஒரு புள்ளி இல்லாமல் மின்னியது. அன்று மாலையே பட்டியலில் என் பெயர் இல்லை.

வீட்டில் சும்மா இருந்தேன். மனைவி தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தலுக்குள் சமையல் வினாகிரி ஊற்றிக் குலுக்கிக்கொண்டிருந்தார். உள்ளே பிடித்திருந்த வெள்ளைப் பொருக்கு கரைந்து வந்தது.

"இஞ்சப் பாருங்க, உங்கட போட்ல ஈக்கிறதும் இதுதானே? கேத்தலுக்குப் போறது போட்டுக்குப் போகாதா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு மாதமாக நானும் மச்சானும் மண்டையை உடைத்துக்கொண்ட விஷயம் அடுப்படியில் இருந்திருக்கிறது. படகைத் தென்னை நிழலுக்கு இழுத்து, சூடு ஆறவிட்டு, வினாகிரியும் மழைத்தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து, பழைய சாரத் துணியை நனைத்து, புள்ளி இருந்த இடத்தில் சில நிமிடம் ஒட்டி வைத்தேன். பிறகு மெதுவாகத் துடைத்தால் வருகிறது. தேய்க்கத் தேவையே இல்லை. உடனே மழைத்தண்ணீரால் அலசி, துளி காயும் முன் உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்து, கடைசியில் மெழுகு பூசினேன். இரண்டு நாள் வேலை. மச்சான் கீறிய சுளகு அளவு இடம் மட்டும் மங்கலாகவே இருக்கிறது.

மெழுகு போதாமல் கடைக்குப் போனபோதுதான் எல்லாம் வெளிச்சமானது. வேலை இருந்திருந்தால் அந்த நேரம் நான் கடலில் இருந்திருப்பேன். விடுதியின் பின்பக்க வழியாகப் போனேன். துறையிலிருந்து பார்த்தால் தெரியாத வளைவில் தலைவரின் சிவப்புப் படகு நின்றது. அவருடைய தம்பி பிளாஸ்டிக் கானிலிருந்து தண்ணீரை ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இன்னும் ஆறேழு கான்.

"குழாய் அந்தப் பக்கம் ஈக்கக்குள்ள என்னத்துக்கு இந்தத் தண்ணி?" என்று கேட்டேன்.

அவர் பாவம், வெள்ளையாகச் சொன்னார். "இது ஏசித் தண்ணி நானா. ஹோட்டல் ரூமுக்குப் பின்னால ஏசி மெஷின்ல சொட்டுறது. குழாய்த் தண்ணி பட்டா வெள்ளையாப் புடிக்கும், தொடவே வேணாமெண்டு காக்கா முதல் கிழமையே சொல்லிட்டார்."

காக்கா என்றது அண்ணனை, எங்கள் தலைவரை. முதல் கிழமையே. நான் நேரே தலைவர் வீட்டுக்குப் போய், கானில் இருக்கிற தண்ணீர் எதற்கு என்று கேட்டேன்.

"அது பெட்டரிக்கு ஊத்துற தண்ணி," என்றார்.

"உங்கட போட்டுக்குப் பெட்டரி எங்க ஈக்கி, முதுகுலயா?"

அவர் வாசலை ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சத்தம் போடாதீங்க. உள்ள வாங்க, கதைப்பம். நாளைக்கே உங்கட பேரப் போட்டுடுறன். மத்தாக்களுக்குச் சொல்லத் தேவையில்ல."

நான் உள்ளே போகவில்லை. வேலை வேண்டாம் என்று சொல்ல நான் பணக்காரன் இல்லை. ஆனால் துறையில் வைத்து ஊரே சிரிக்க என்னைச் சோம்பேறி என்றவர், வீட்டுக்குள் கூட்டிப்போய்ப் பெயரைத் திருப்பித் தந்தால் அது யாருக்குத் தெரியும்? தலைவர் இரக்கப்பட்டுச் சேர்த்தார் என்றுதான் ஊர் பேசும். மற்றப் படகுகளும் கெட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. வெள்ளைப் படகில் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். கையை வைத்துத் தடவினால் மணல் தாளைத் தொட்டதுபோல இருக்கும்.

கிணறு அடிக்கும்போது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும்தான் குடித்துவிட்டுத் தலையாட்டினோம். தெரிந்த பிறகு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. கழுவினால் உடனே துடையுங்கள் என்றாவது சொல்லியிருந்தால் போதுமே. எல்லாப் படகும் மங்கினால் தன் படகு மட்டும் மின்னும் என்று கணக்குப் போட்டாரா? எனக்குத் தெரியாது. அவருக்குத்தான் தெரியும்.

ஆகவே தலைவரே, வரும் வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து சங்கம் கூடும்போது உங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் வேண்டாம், என்னைச் சோம்பேறி என்று சொன்ன அதே துறையில், அதே ஆட்கள் முன்னால் எழுந்து நில்லுங்கள். உங்கள் சிவப்புப் படகை எந்தத் தண்ணீரில் கழுவுகிறீர்கள்? "அதே குழாய்தான்" என்று ஏன் சொன்னீர்கள்? பதில் சொல்லுங்கள்.